அணையின் மட்டமும் உடலின் மட்டமும்

(தஞ்சைப் பகுதியில் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் நிகழ்த்திய உரை)

பஞ்சாயத்துப் பொறுப்பை ஏற்றிருக்கும் அன்பர்களே, முன்னர் ஏற்றிருந்தவர்களே, இனி ஏற்க இருப்பவர்களே, உழவர் பெருமக்களே, தாய்மார்களே!



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சாலையோ, வாய்க்காலோ, உரமோ அன்று. இரத்த அழுத்தம் என்றும், கிராமங்களில் இரத்தக் கொதிப்பு என்றும் வழங்கும் நோயைப் பற்றியது; அதனைக் கட்டுக்குள் வைக்கக் கைப்பேசியும் கையில் அணியும் கருவிகளும் எவ்வளவு தூரம் உதவும் என்பதைப் பற்றியது. டாக்டர் பேசவேண்டிய விஷயத்தை வளர்ச்சி அதிகாரி பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். மருந்து இன்னதென்று தீர்மானிப்பது டாக்டரின் வேலை, அதில் ஐயமில்லை. ஆனால் அந்த மருந்து தவணை தவறாமல் வீடு வந்து சேர்கிறதா, நோயுள்ளவர் இடையில் விட்டுவிட்டாரா, விட்டுவிட்டவரைத் தேடிச் சென்று யாராவது விசாரித்தார்களா என்பவை ஊரின் வேலை. ஊரின் வேலை எதுவோ, அது பஞ்சாயத்தின் வேலையுமாகும்.

மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. அதன் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. இன்று அணையில் எத்தனை அடி, நீர்வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்று கேட்டால், இங்கு அமர்ந்திருப்போரில் பலர் தயங்காமல் சொல்லுவீர்கள். ஜூன் 12ஆம் தேதி நெருங்கும்போது காலை நாளிதழில் நாம் முதலில் தேடுவது அந்தக் கணக்கைத்தான். ஏனெனில் குறுவை நாற்று விடுவதும், சம்பாவோடு நிறுத்திக்கொள்வதும் அந்த எண்ணைப் பொறுத்தவை. ஆனால் நாற்பது வயதைத் தாண்டிய ஒருவரைப் பார்த்து, “ஐயா, உங்கள் இரத்த அழுத்தம் எவ்வளவு?” என்று கேட்டால், “எனக்கென்ன, நான் நன்றாகத்தானே இருக்கிறேன்” என்ற விடையே வருகிறது. நூறு மைலுக்கு அப்பால் உள்ள அணையின் மட்டம் தெரிகிறது. தம் உடலின் மட்டம் தெரியவில்லை.

இதில் அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. இந்நோயின் இயல்பே அத்தகையது. காய்ச்சல் உடலைச் சுடுகிறது, பல்வலி தூங்கவிடுவதில்லை. இரத்த அழுத்தமோ பெரும்பாலோரிடம் எவ்வித அறிகுறியும் காட்டாமல் ஆண்டுக்கணக்கில் குடியிருந்து, இருதயத்தையும், மூளையையும், சிறுநீரகத்தையும், கண்ணையும் அரித்துக்கொண்டிருக்கும். பின்னர் ஒருநாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளிப்படும். நடவு வேலைக்குச் சென்று வந்த கை ஒன்று ஒரே நாளில் செயலற்றுப் போனால், அந்தக் குடும்பத்தின் கூலி நிற்கிறது. அவரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருக்கும் மற்றொருவரின் கூலியும் நிற்கிறது. ஆஸ்பத்திரிச் செலவுக்காக நகை முதலில் போகும். பிறகு நிலம் போகும். ஒரு குடும்பம் பல ஆண்டுகள் முயன்று ஏறிய படிகளை ஒரு வாரத்தில் இறங்கிவிடுகிறது. அபிவிருத்தி வேலைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு இதுவே.

இனி, கருவி காட்டும் இரண்டு எண்களின் பொருளைச் சொல்லுகிறேன். இருதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது குழாயின் சுவரில் விழும் அழுத்தம் மேல் எண். அடுத்த துடிப்புக்கு முன் அது தளர்ந்து நிறையும்போது எஞ்சி நிற்கும் அழுத்தம் கீழ் எண். ஆஸ்பத்திரியில் வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் இருக்குமானால் அது நோய் என்று கொள்ளப்படும். வீட்டில் அமைதியாக அளக்கும்போது 135க்கு 85 என்பதே எல்லை. கையில் காற்றுப் பட்டையைச் சுற்றி அளக்கும் முறையை இத்தாலி நாட்டு டாக்டர் ரீவா ரோச்சி 1896இல் வெளியிட்டார். பட்டைக்குக் கீழே நாடியின் ஒலியைக் கேட்டு இரண்டு எண்களையும் அறியும் வழியை ரஷ்ய டாக்டர் கொரோட்கோவ் 1905இல் கண்டார். நூறாண்டுகளுக்கு மேலாகியும், மேற்கையில் சுற்றும் அந்தப் பட்டைதான் இன்றும் உரைகல்லாக இருக்கிறது. இதை நீங்கள் நினைவில் கொள்ளவேண்டும். ஏனெனில் கைக்கடிகாரங்களைப் பற்றி இப்போது சொல்லப் போகிறேன்.

வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் தந்தைக்கு அன்போடு ஒரு ‘ஸ்மார்ட் வாட்ச்’ வாங்கி வருகிறார்கள். அது நடந்த அடிகளை எண்ணுகிறது. நாடித் துடிப்பைக் காட்டுகிறது. இவை பயனுள்ளவையே. இரத்த அழுத்தத்தையும் காட்டும் என்று சில கடிகாரங்கள் விளம்பரப்படுத்தப்படுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை அழுத்தத்தை நேரே அளப்பதில்லை. தோலின் மீது சிறு ஒளியைப் பாய்ச்சி, இரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு கணக்கிட்டு ஊகிக்கின்றன. சாம்சங் நிறுவனத்தின் கடிகாரத்தில் இவ்வசதியைப் பயன்படுத்துவோர் நான்கு வாரத்திற்கு ஒரு முறை மேற்கைப் பட்டைக் கருவியோடு ஒப்பிட்டு அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஆப்பிள் நிறுவனத்தின் கடிகாரத்தில் வந்துள்ள ஒரு வசதிக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 செப்டம்பரில் அனுமதி அளித்தது. அதுவும் எண் எதையும் காட்டுவதில்லை. 30 நாள் குறிப்புகளைப் பார்த்து, “உங்களுக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கலாம்” என்று எச்சரிக்கிறது. எச்சரிக்கை வந்தபின் பட்டைக் கருவியால் ஏழு நாள் அளந்து குறித்துக்கொண்டு டாக்டரிடம் செல்லும்படி அந்நிறுவனமே கூறுகிறது. ஓம்ரான் நிறுவனம் கடிகார வாரிலேயே சிறு காற்றுப் பட்டையை வைத்து ஒரு கருவி செய்தது. அது உண்மையாகவே அளப்பது. ஆனால் அத்தகையவை விலை மிகுந்தவை.

ஆகவே நான் சொல்லுவது இதுதான். வானம் கறுத்திருப்பதைப் பார்த்து மழை வரும் என்று சொல்லலாம். எத்தனை மில்லி மீட்டர் பெய்தது என்று சொல்ல மழைமானி வேண்டும். கடிகாரம் வானத்தைப் பார்ப்பது போன்றது. பட்டைக் கருவி மழைமானி. கடிகாரத்தை மட்டும் நம்பி எவரும் மாத்திரையைத் தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. வாங்குவதாயின், மேற்கையில் சுற்றும் மின்னணுக் கருவி சுமார் 2,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பரிசோதித்து நம்பகமானது என்று உறுதி செய்யப்பட்ட வகையா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்து வாங்குங்கள். வருஷத்திற்கு ஒரு முறை அங்குள்ள கருவியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நல்ல கருவியும் தவறாக அளந்தால் தவறான எண்ணையே தரும். முறை எளிது. அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காப்பி, தேநீர், பீடி, புகையிலை, கடும் உழைப்பு ஆகியவை கூடா. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படியுமாறு நாற்காலியில் ஐந்து நிமிஷம் அமரவேண்டும். காலின்மேல் கால் போடலாகாது. பட்டையைச் சட்டையின் மீது சுற்றாமல் வெறுங்கையில் சுற்றி, கையை நெஞ்சின் மட்டத்தில் மேஜைமேல் வைக்கவேண்டும். அளக்கும்போது பேசக்கூடாது. ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டையும் தேதியோடு குறிக்கவேண்டும். காலையில் மாத்திரைக்கு முன்னும், மாலையிலும், ஒரு வாரம் இவ்வாறு குறித்த தாள் டாக்டருக்கு மிகவும் உதவும். வயலிலிருந்து ஓடிவந்து நின்றபடியே ஒரு முறை அளந்து, எண்ணைக் கண்டு அஞ்சுவதில் பொருளில்லை. ஒருநாள் நீர்வரத்தைக் கொண்டு பருவத்தைத் தீர்மானிப்பார் உண்டோ?

அடுத்து, நம் மாநிலத்தின் நிலையைக் காண்போம். 2020ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் நடந்த விரிவான ஆய்வு ஒன்று, வயது வந்தோரில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதாகக் கண்டது. அந்நோயுள்ளோருள் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 100க்கு 7 பேர் மட்டுமே. சில ஆண்டுகளுக்குப் பின் நடந்த இரண்டாவது ஆய்வில் இது 100க்கு 17 ஆக உயர்ந்தது. ஏழு பதினேழானது பெருமைக்குரியது. ஆனால் எஞ்சிய 83 பேரை எண்ணும்போது நம் வேலை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது விளங்கும்.

இம்முன்னேற்றத்திற்கு ஏதுவாக இருந்தவற்றுள் ஒன்று, வீடு தேடிச் செல்லும் முறை. தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ் 2007இல் விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களில் இருதய நோய்த் தடுப்புக்கான முன்னோடி வேலை தொடங்கியது. நம் தஞ்சை மாவட்டத்திலேயே கரம்பயம், அலக்குடி முதலிய ஊர்களில் சுகவாழ்வு என்னும் ஸ்தாபனம் சிறு மருத்துவ நிலையங்களை நடத்தி, உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவித்து, கைக்கருவியோடு வீடு வீடாக அனுப்பி நோய் வாய்ப்பைக் கண்டறியும் முறையைச் செய்து பார்த்தது. பின்னர் 2021 ஆகஸ்டு 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தக் கருவியும் சர்க்கரை பார்க்கும் கருவியும் ஏந்தி வீடுகளுக்குச் செல்வதும், கண்ட எண்ணைக் கைப்பேசிச் செயலியில் பதிவதும், நோயுள்ளோருக்கு மருந்தை வீட்டிலேயே கொடுப்பதும் இத்திட்டத்தின் வழி. 2024 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் பணிக்குழு இதற்கு விருது அளித்தது.

கைப்பேசி இங்கு செய்யும் பேருதவி எது என்பதைக் கூர்ந்து நோக்கவேண்டும். அது அழுத்தத்தை அளப்பதில்லை; நினைவில் வைத்துக்கொள்கிறது. 2017இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார ஸ்தாபனமும் பிறரும் சேர்ந்து தொடங்கிய இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியில், பஞ்சாப், மகாராஷ்டிரம் முதலிய மாநிலங்களில் ‘சிம்பிள்’ என்ற செயலி பயன்பட்டது. நர்ஸ் ஒருவர் ஒரு நிமிஷத்திற்குள் நோயாளியின் எண்ணையும் மருந்தையும் அதில் பதிந்துவிடலாம். குறித்த தேதியில் வராதவர்களின் பட்டியலை அது தானே எடுத்துக் கொடுக்கும். நர்ஸ் அவர்களைத் தொலைபேசியில் அழைத்து நினைவூட்டுவார். ஆயிரம் பேரில் வந்தவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். வராதவர் யார் என்பதைச் சொல்லுவதே அரிது. அந்த அரிய வேலையை ஒரு சிறு கருவி செய்துவிடுகிறது.

எனினும், பட்டியல் நடந்து செல்லாது, மனிதர்தாம் செல்லவேண்டும். முறைப்பாசனத்தில் கடைமடைக்குத் தண்ணீர் சேரவில்லை என்று தெரிந்தால் நாம் என்ன செய்கிறோம்? எந்த மடையில் அடைப்பு என்று வாய்க்கால் கரையோடு நடந்து பார்க்கிறோம். மருந்து சேராத வீடும் கடைமடைதான். அடைப்பு எங்கே என்று பார்ப்போமானால், நம் பகுதியில் மூன்று இடங்களில் அது தென்படும்.

முதலாவது, வேலை நேரம். நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் பெண்கள் விடியற்காலையில் புறப்பட்டுவிடுகிறார்கள். பத்து மணிக்குத் தன்னார்வலர் வரும்போது கதவு பூட்டியிருக்கிறது. குறுவை, சம்பா நடவுக் காலங்களிலும் அறுவடையிலும், மாலை வேளையில் ஒரு பொதுவிடத்தில் அளப்பதற்கு நாள் குறித்து, ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு விளக்கு ஏற்பாடு செய்வது பஞ்சாயத்துக்குப் பெருஞ்செலவன்று. கிராம சுகாதாரக் குழு கூடும்போது தன்னார்வலரையும் கிராம சுகாதார நர்ஸையும் கலந்து இதைத் தீர்மானிக்கலாம்.

இரண்டாவது, தவறான எண்ணம். “மாத்திரை தொடங்கினால் வாழ்நாள் முழுதும் விடமுடியாது” என்று அஞ்சித் தொடங்காதவர் சிலர். “இப்போது அழுத்தம் சரியாகிவிட்டதே” என்று நிறுத்திவிடுபவர் பலர். கொள்ளிடக் கரை உறுதியாக இருப்பதனால் இவ்வாண்டு ஊருக்குள் வெள்ளம் வரவில்லை. வெள்ளம் வரவில்லையே, கரை எதற்கு என்று எவரேனும் கரையை வெட்டுவாரா? மாத்திரை அந்தக் கரை. எண் சரியாக இருப்பது அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமே தவிர, அது தேவையில்லை என்பதற்கு அடையாளமன்று. குறைப்பதாயினும் மாற்றுவதாயினும் டாக்டரே செய்யவேண்டும்.

மூன்றாவது, மறதி. இதற்கு விலையுயர்ந்த கைப்பேசி வேண்டியதில்லை. பொத்தான் வைத்த பழைய கைப்பேசியிலும் மணி அடிக்கும் வசதி உண்டு. ஊரில் படித்த இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகச் சென்று, பெரியவர்களின் கைப்பேசியில் மாத்திரை நேரத்திற்கு மணி வைத்துக் கொடுக்கலாம். டாக்டரிடம் காட்டவேண்டிய சீட்டையும் மாத்திரை அட்டையையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால், அறுவடை வேலைக்கோ மகள் வீட்டிற்கோ வெளியூர் செல்லும்போதும், அங்குள்ள சுகாதார நிலையத்தில் அதைக் காட்டி மருந்து கேட்கலாம். ஐயம் எழுந்தால் 104 என்ற எண்ணில் அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். ஒருவருடைய நோய் அவருடைய சொந்த விஷயம். யார் யாருக்கு இரத்த அழுத்தம் என்று கிராம சபையில் படிப்பதும், ஊர் முழுதும் காணும் ‘வாட்ஸ்அப்’ குழுவில் போடுவதும் பெரும் பிழை. தனிநபர் விவரங்களைக் காப்பதற்கென 2023இல் பாராளுமன்றமே ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. பெயர்ப் பட்டியல் தன்னார்வலரிடமும் நர்ஸிடமும் இருக்கட்டும். பஞ்சாயத்து கேட்கவேண்டியது தொகை மட்டுமே: நம் ஊரில் எத்தனை பேர் மருந்து பெறவேண்டும், இம்மாதம் எத்தனை பேர் பெற்றார்கள், எத்தனை பேருக்குக் கட்டுக்குள் இருக்கிறது? இம்மூன்று எண்களைப் பெயரின்றி கிராம சபைக் கூட்டங்களில் சொல்லி வந்தால், ஊரின் மட்டம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கருவியும் மாத்திரையும் மட்டும் போதா. உலக சுகாதார ஸ்தாபனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு வேண்டும் என்கிறது. நால்வர் கொண்ட குடும்பத்திற்கு மாதம் 600 கிராம். அதாவது ஒரு கிலோ உப்பு 50 நாள் வரவேண்டும். ஊறுகாய், கருவாடு, அப்பளம், வடகம், மோர் மிளகாய் ஆகியவற்றில் உள்ள உப்பும் இக்கணக்கில் சேர்ந்ததே. பழைய சோற்றுக்கு ஊறுகாயை விட்டுச் சின்ன வெங்காயத்தைத் தொட்டுக்கொண்டாலே ஒரு பகுதி குறையும். நாள் முழுதும் குனிந்து வேலை செய்தபின் உடல்வலிக்கென்று கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கும் வழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. அவற்றுள் பல அழுத்தத்தை உயர்த்துவன. சிறுநீரகத்திற்கும் கேடு செய்வன. டாக்டரைக் கேளாமல் அவற்றை உண்ணலாகாது. புகையிலை, மது இவற்றின் தீங்கை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

எண் 180க்கு 120ஐத் தாண்டி, அதோடு நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை கால் தளர்தல், பேச்சுக் குழறல் இவற்றுள் ஒன்று தோன்றுமாயின், மறுமுறை அளந்துகொண்டிராமல் உடனே 108ஐ அழையுங்கள். எண் எதுவாக இருப்பினும் இவ்வறிகுறிகள் போதும். மூளைக்குச் செல்லும் குழாயில் இரத்தம் உறைந்து வரும் பக்கவாதத்திற்கு, உறைவைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்திற்குள் போட்டாகவேண்டும். கை கால் தளர்ந்தவரை விடியட்டும் என்று படுக்க வைத்திருப்பது அந்த நேரத்தை வீணாக்குவதாகும்.

அன்பர்களே! விலையுயர்ந்த கடிகாரம் இல்லையே என்று எந்த ஊரும் கவலைப்பட வேண்டியதில்லை. நன்றாக அளக்கும் ஒரு பட்டைக் கருவி, எண்ணை மறவாத ஒரு கைப்பேசி, வராதவரைத் தேடிச் செல்லும் ஒரு மனிதர், இம்மூன்றும் சேர்ந்தால் போதும். முதல் இரண்டும் பெரும்பாலும் நம்மிடம் வந்துவிட்டன. மூன்றாவது உங்கள் கையில் இருக்கிறது. இம்முகாமிலிருந்து ஊர் திரும்பியதும் நீங்கள் ஒவ்வொருவரும் முதற்காரியமாக உங்கள் இரத்த அழுத்தத்தை அளந்து, எண்ணைக் குறித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். அடுத்த காரியமாக, உங்கள் தெருவில் மருந்தைப் பாதியில் விட்ட ஒருவரிடம் அன்போடு பேசி, அவர் ஒப்பினால் அவரைச் சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். ஒருவருக்கு ஒருவர் என்று தொடங்கினால், நூற்றுக்குப் பதினேழு என்ற கணக்கு நம் வட்டாரத்தில் விரைவில் மாறும் என்பது என் நம்பிக்கை.